நூறு ரூபாய் அபராதத்துக்கு வக்கீல் எதற்கு?

முப்பத்தைந்து ஆண்டுகள் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் இரணியல், பத்மநாபபுரம், குழித்துறை, நாகர்கோவில் என்று கேஸ் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி இறங்கியதில் இடது தோள் சற்றே சாய்ந்துவிட்டது. ஓய்வு பெற்ற பிறகும் மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுகிறார்கள். கையில் நான்காக மடித்த ஒரு தாள் இருக்கும். கேள்வியும் எல்லோருக்கும் ஒன்றுதான்: "அண்ணாச்சி, சின்ன கேஸ்தான். வக்கீல் வைக்க வேண்டுமா, நானே போய் அபராதத்தைக் கட்டிவிட்டு வரலாமா?"

நான் சட்டம் படித்தவன் அல்லன். சட்டம் படித்தவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் எங்கே ஜெயித்தார்கள், கட்சிக்காரர் எங்கே கோட்டைவிட்டார் என்று பார்த்துக்கொண்டிருந்தவன். வருகிறவர்களிடம் நான் கேட்கும் கேள்விகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் கேள்வி: சின்ன கேஸ் என்று உங்களிடம் சொன்னது யார்? பெரும்பாலும் ஸ்டேஷன் வாசலில் நின்ற யாரோ, அல்லது மச்சான். தாளை அவர்கள் படித்திருக்க மாட்டார்கள். ஆகவே முதலில் தாளை விரியுங்கள்.

அது மனு ரசீதாக இருக்கலாம். நம் ஊரில் சி.எஸ்.ஆர். என்பார்கள். உங்கள்மேல் ஒருவர் மனு கொடுத்திருக்கிறார், இன்னும் வழக்கு ஆகவில்லை என்று அதற்குப் பொருள். இந்தக் கட்டத்தில் வக்கீலுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை; போய்ப் பேசினால் பாதி விஷயம் அங்கேயே முடிந்துவிடும். ஆனால், "இனிமேல் இப்படிச் செய்ய மாட்டேன்" என்று எழுதிக் கேட்டால் கவனம் வேண்டும். "இனிமேல்" என்ற சொல், முன்பு செய்ததாக நீங்களே சொல்வது போல ஆகிவிடும். "இரு தரப்பும் சமாதானமாக இருக்கச் சம்மதிக்கிறோம்" என்று எழுதுங்கள்.

அடுத்தது, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 35(3) பிரிவின்படி வரும் அறிவிப்பு. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் இந்தச் சட்டம்தான் இருக்கிறது. பழைய ஆட்கள் இன்னும் 41ஏ நோட்டீஸ் என்பார்கள். குறித்த நாளில் வந்து விசாரணைக்கு உதவுங்கள் என்று அதில் இருக்கும். இதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடலுக்குப் போய்விடுகிறவர்கள் உண்டு. போகாமல் இருப்பதே கைதுக்குக் காரணமாகிவிடலாம். கட்டாயம் போங்கள். போவதற்கு முன்னால் ஒரு வக்கீலிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போங்கள். விசாரணையில் போலீஸ் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டியதில்லை என்பது சட்டம். இந்த ஒரு செய்தி தெரியாமல் கெட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது முதல் தகவல் அறிக்கை. உங்களிடம் நகல் இல்லாவிட்டால் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் பார்க்கலாம். சில வகை வழக்குகள் தவிர மற்றவற்றை 24 மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் சொல்லியிருக்கிறது. கதையை அப்புறம் படிக்கலாம். பிரிவு எண்கள் இருக்கும் வரியைப் பாருங்கள். வக்கீல் வேண்டுமா என்ற கேள்விக்குப் பாதி விடை அந்த ஒரு வரியில் இருக்கிறது.

எப்படி என்று கல்குளம், விளவங்கோடு பக்கத்தில் வாரத்துக்கு ஒன்று நடக்கும் சண்டையை வைத்தே சொல்கிறேன். இரண்டு விளைகளுக்கு, அதாவது தோட்டங்களுக்கு, நடுவில் ஒரு கையாலை, மண்ணால் எழுப்பிய எல்லைச் சுவர். மழையில் மண் சரிந்தது. ஒருவர் திரும்ப எடுத்துக் கட்டுகிறார். அடுத்தவர் வந்து, "ஒரு முழம் இந்தப் பக்கம் தள்ளிக் கட்டுகிறாய்" என்கிறார். கெட்ட வார்த்தை வருகிறது. கை ஓங்குகிறது. ஒருவர் ஆசாரிபள்ளம் மருத்துவமனைக்குப் போய்ப் படுக்கிறார்; அதைக் கேள்விப்பட்டு மற்றவரும் போய்ப் படுக்கிறார். வழக்கு ஒன்று, எதிர்வழக்கு ஒன்று.

இந்தச் சண்டை தாளில் ஏறும்போது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவுகள் வரிசையாக வந்து உட்காரும். கெட்ட வார்த்தைக்கு 296: 3 மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம். வழிமறித்ததற்கு 126(2): ஒரு மாதம் அல்லது 5,000 ரூபாய். கையால் அடித்ததற்கு 115(2): ஓர் ஆண்டு அல்லது 10,000 ரூபாய். இதுவரை சின்ன கேஸ்தான். "உன்னைக் கொன்றுவிடுவேன்" என்று சொன்னதாக ஒரு வரி சேர்ந்தால் 351(3) வருகிறது. அதற்கு 7 ஆண்டு வரை. நம் ஊரில் மூன்று பேர் சண்டை போட்டால் நான்கு முறை வந்துவிடுகிற வசனம் அது. சொன்னவருக்கே நினைவிருக்காது.

இன்னொரு சொல்லும் இருக்கிறது. கையாலை கட்டுகிறவர் கையில் மண்வெட்டி இருக்கத்தானே செய்யும்? "கையால் அடித்தார்" என்பது "மண்வெட்டிப் பிடியால் அடித்தார்" என்று மாறினால் 115 போய் 118 வர வழி பிறக்கிறது. ஆபத்தான ஆயுதத்தால் காயம் என்றால் 3 ஆண்டு வரை. அடி அதே அடி, வீக்கம் அதே வீக்கம். மருத்துவமனையில் முதலில் எழுதிய விபத்துப் பதிவேட்டில் என்ன சொல்லியிருக்கிறார், இரண்டு நாள் கழித்துப் புகாரில் என்ன சொல்லியிருக்கிறார் என்று ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்த கண் வேண்டும். அந்தக் கண்ணுக்குத்தான் வக்கீலுக்குக் கூலி.

இனி, என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும்.

என் அக்காள் மகனுக்கு அப்போது 20 வயது. ஊர்க்கோவில் கொடை விழாவில், வில்லுப்பாட்டு நடந்துகொண்டிருந்த ராத்திரியில், இளவட்டங்களுக்குள் தள்ளுமுள்ளு. யாருக்கும் பெரிய காயமில்லை. பொது இடத்தில் கைகலப்பு என்று பழைய இந்திய தண்டனைச் சட்டம் 160-வது பிரிவில் எட்டுப் பேர்மேல் வழக்குப் போட்டார்கள். அதற்கு அதிகபட்ச அபராதமே அன்றைக்கு 100 ரூபாய்தான். அக்காள் என்னிடம் வந்து, "தம்பி, உன் வக்கீலிடம் சொல்லட்டுமா?" என்று கேட்டாள். "நூறு ரூபாய்க்கு வக்கீலா? போய் ஒப்புக்கொண்டு கட்டிவிட்டு வரச் சொல்லு" என்றேன். நான்தான் சொன்னேன், இந்த வாயால். எட்டுப் பேரும் வரிசையில் நின்று ஒப்புக்கொண்டார்கள். கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. வாசலில் சாயா வாங்கிக் கொடுத்து அனுப்பி வைத்தேன்.

மூன்று ஆண்டு கழித்து அவன் ஒரு சீருடைப் பணிக்குத் தேர்வு எழுதினான். எழுத்திலும் ஓட்டத்திலும் கயிறு ஏறுவதிலும் தேறினான். விண்ணப்பத்தில், "எந்தக் குற்ற வழக்கிலாவது தண்டனை பெற்றதுண்டா?" என்ற கேள்விக்கு இல்லை என்று எழுதியிருந்தான். பொய் சொல்ல வேண்டும் என்பதற்காக அல்ல. நூறு ரூபாய் கட்டியதை அவன் தண்டனை என்றே நினைக்கவில்லை. நானும் நினைத்ததில்லை. ஆனால் நீதிமன்றப் பதிவேட்டில் அது தண்டனைதான். சரிபார்ப்பில் அடிபட்டான். இன்று தக்கலைப் பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான்; நன்றாகத்தான் இருக்கிறான். என்னோடு இப்போதும் பேசுகிறான். அந்தப் பேச்சை மட்டும் இருவரும் எடுப்பதில்லை.

எனவே அபராதம் எவ்வளவு என்று நான் இப்போது கேட்பதில்லை. "குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்" என்று நீங்கள் சொல்லும் அந்தச் சொல், கூண்டை விட்டு இறங்கிய பிறகு உங்கள் பின்னாலேயே எங்கெல்லாம் வரும்? அதைத்தான் கேட்கிறேன். அறுபது வயதுத் தென்னை விவசாயி ஒருவருக்கு அது நீதிமன்ற வாசலிலேயே நின்றுவிடும். அவருக்கு வக்கீல் வேண்டாம். இருபத்து மூன்று வயதுப் பையனுக்கு அது கூடவே பஸ் ஏறும்.

அரசு வேலை, அதிலும் காவல்துறை வேலை என்றால், ஒப்புக்கொள்வது மட்டுமல்ல, எப்படி விடுதலை ஆகிறோம் என்பதுகூட முக்கியம். தமிழ்நாட்டில் காவலர் தேர்வில், சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை செய்யப்பட்டவர்களைக்கூட விதியைக் காட்டி நிறுத்தியிருக்கிறார்கள். "சாட்சியம் இல்லை" என்று தீர்ப்பில் எழுத வைப்பதும், "சந்தேகத்துக்கு இடமிருக்கிறது" என்று எழுத வைப்பதும் ஒரே விடுதலை அல்ல. அந்த வேறுபாட்டுக்காகக் குறுக்கு விசாரணை செய்யத் தெரிந்தவர் வேண்டும். வழக்கை மறைப்பது வழக்கைவிடக் கேடு. 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பற்றி விரிவாகவே பேசியிருக்கிறது: சொல்லும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும்; சின்ன விஷயத்தை மறைத்திருந்தால் வேலை கொடுப்பவர் மன்னிக்கலாம், ஆனால் அது அவர் விருப்பம்.

வளைகுடா போகிறவர்கள் இல்லாத தெரு நம் மாவட்டத்தில் எது? பாஸ்போர்ட் சட்டத்தின் 6(2)(எஃப்) பிரிவின்படி, நீதிமன்றத்தில் குற்ற வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டை மறுக்கலாம். இதற்கு ஒரு வழியை 1993 ஆகஸ்ட் 25 அறிவிக்கை கொடுத்திருக்கிறது: வழக்கு நடக்கும் நீதிமன்றத்தில் மனுப் போட்டு அனுமதி வாங்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று அந்த உத்தரவில் குறிப்பிடாவிட்டால் ஓராண்டுக்கு மட்டும்தான் பாஸ்போர்ட் கிடைக்கும். மனுவில் அந்தக் கால அளவைக் கேட்க மறந்து, ஓராண்டு பாஸ்போர்ட்டோடு திண்டாடியவர்களை எனக்குத் தெரியும். இத்தகையவருக்கு வக்கீல் ஆடம்பரம் அல்ல. விசா கெடு நெருங்குகிறது என்று ஒப்புக்கொண்டு ஓடிவிடத் தோன்றும். போலீஸ் நடத்தைச் சான்றில் அது என்னவாக வரும் என்று கேட்டுவிட்டு ஓடுங்கள்.

வக்கீல் தேவையில்லாத இடங்களையும் சொல்லிவிடுகிறேன். ஹெல்மெட் போடாததற்கு வந்த ரசீது, பொது இடத்தில் சிகரெட் பிடித்ததற்கு 200 ரூபாய் வரை அபராதம், இவற்றுக்கெல்லாம் வக்கீலைத் தேடிப் போவது கொசுவுக்கு வாள் எடுப்பது. அபராதம் மட்டுமே விதிக்கக்கூடிய, அதுவும் 5,000 ரூபாயைத் தாண்டாத சிறு குற்றங்களுக்குச் சிறப்பு அழைப்பாணை என்று ஒன்று வரும். நீதிமன்றத்துக்குப் போகாமலே, ஒப்புக்கொள்வதாக எழுதி, தொகையையும் சேர்த்துத் தபாலில் அனுப்பிவிடலாம்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 185: முதல் தடவை 10,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கல்யாண வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் திரும்பிய கடைக்காரர் என்றால், ஒரு நாள் ஆலோசனையோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பேன். ஆட்டோ, லாரி, வேன் ஓட்டிப் பிழைப்பவர் என்றால் லைசென்ஸ்தான் அவருடைய விளைநிலம். அவர் வக்கீல் வைக்கட்டும். விபத்தில் யாருக்காவது காயம் பட்டு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 125 என்று பிரிவுகள் வந்தாலும் அப்படித்தான். அங்கே நீங்கள் ஒப்புக்கொண்ட தீர்ப்பின் நகல், நஷ்டஈட்டு வழக்கில் உங்களுக்கு எதிரான சான்றாக வந்து நிற்கும். இன்ஷூரன்ஸ் காலாவதியாகி இருந்தால் சொல்லவே வேண்டாம்.

யோசிக்காமல் வக்கீலிடம் ஓட வேண்டியவை: வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ, பெண்களுக்கு எதிரான தொல்லை பற்றிய 1998-ஆம் ஆண்டுச் சட்டம், எவ்வளவு சிறிய பொட்டலமானாலும் கஞ்சா. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், வழக்கு விழுந்தாலும் அப்படியே. நெய்யாற்றின்கரையில் உள்ள வக்கீல்தான் வேண்டும். நம் வீட்டுப் பழைய ஆதாரங்கள் மலையாளத்தில் இருப்பதால் நமக்கு மலையாளம் தெரியும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்து, கூலிக் கணக்கு. இதைத்தான் யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. அருமனைப் பக்கத்து ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர், "வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை" என்று தானே வாய்தாவுக்கு வந்துகொண்டிருந்தார். விடியுமுன் மரத்தில் கத்தி வைக்க வேண்டிய ஆள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் வெட்டு போயிற்று, பஸ் செலவு போயிற்று. ஒரு நாள் காய்ச்சல் என்று வரவில்லை, பிடிவாரண்டு பிறந்தது. அதைத் திரும்பப் பெற மனு, பிணைக்கு இரண்டு பேர், அவர்களுக்கு வரி ரசீது, சாப்பாடு. கூட்டிப் பார்த்தால் வக்கீல் கட்டணத்தைத் தாண்டிவிட்டது. வக்கீல் இருந்திருந்தால், "இன்று ஆஜர் விலக்கு அளிக்க வேண்டும்" என்று ஒரு பக்க மனுவோடு அந்த நாள் கடந்திருக்கும். எத்தனை வாய்தா வரும், ஒரு நாளைக்கு நீங்கள் இழப்பது எவ்வளவு என்று பெருக்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

சமாதானம் ஆகிவிட்டால்? கையால் அடித்தது, வழிமறித்தது ஆகியவற்றில் பாதிக்கப்பட்டவரே நீதிமன்றத்தில் வந்து விட்டுக்கொடுக்கலாம். லோக் அதாலத் எனப்படும் மக்கள் நீதிமன்றத்திலும் முடிக்கலாம். ஆனால் 296 அந்தப் பட்டியலில் இல்லை. அடித்ததை மன்னித்துவிடலாம், திட்டியதை மன்னிக்க முடியாது! அதை நீக்க மதுரையில் உள்ள உயர் நீதிமன்றக் கிளைக்குப் போக வேண்டி வரும். எதிர்வழக்கு இருக்கிறவர்கள், ஒன்றை மட்டும் முடித்துவிட்டு மற்றதை விட்டுவிடாதீர்கள். இரண்டும் ஒரே நாளில், ஒரே கையெழுத்தில் முடிய வேண்டும்.

பணம் இல்லையென்றால், நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. வட்டங்களிலும் குழுக்கள் உண்டு. 15100 என்ற எண்ணுக்கும் அழைக்கலாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் கிடைப்பார். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. இலவச வக்கீல் என்றால் வேலை செய்ய மாட்டார் என்று திண்ணையில் பேசுவார்கள். நானும் பேசியிருக்கிறேன். சில இலவச வக்கீல்கள் எங்கள் அலுவலகத்தையே தோற்கடித்த பிறகு பேசுவதை நிறுத்திவிட்டேன்.

காசு கொடுத்து வைப்பதென்றால், மொத்தத் தொகையா, வாய்தாவுக்கு இவ்வளவா என்று முதல் நாளே கேளுங்கள். ஜாமீன் அதில் அடங்குமா, நகல் செலவு யாருடையது, அவரே வருவாரா, ஜூனியரை அனுப்புவாரா என்பதையும் கேளுங்கள். "ஜெயித்தால் இவ்வளவு கொடுங்கள்" என்று பேரம் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். வெற்றியைப் பொறுத்துக் கட்டணம் வாங்குவது பார் கவுன்சில் விதிக்கே எதிரானது. ஸ்டேஷன் வாசலில் உங்களைத் தேடி வந்து விசிட்டிங் கார்டு கொடுப்பவரையும் தவிர்த்துவிடுங்கள். குமாஸ்தாவுக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமா என்று கேட்டால், என் இனத்தைச் சேர்ந்தவன் என்பதால் நான் பதில் சொல்லாமல் இருப்பதே முறை.

போன மாதம் வந்த பையனுக்கு வயது 24. மார்த்தாண்டம் சந்தைப் பக்கம் பார்க்கிங் தகராறு, 296, 115(2). மறுநாள் காலையிலேயே ஆஜராக வேண்டும். வக்கீல் பார்க்க நேரமில்லை. "நாளைக்கே முடிவு செய்ய வேண்டும் என்று யார் சொன்னது?" என்றேன். பத்து மணிக்கு முன்னால் போய், பலகையில் ஒட்டியிருக்கும் பட்டியலில் உன் பெயர் எத்தனாவது என்று பார். போனை அணைத்து வை. தபேதார் உன் பெயரைக் கூப்பிட்டதும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய் நில். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டால், இரண்டே வாக்கியம்: "ஐயா, வழக்கு ஆவணங்களின் நகல் வேண்டும். வக்கீல் வைக்க அவகாசம் வேண்டும்." நகல் இலவசம், அது உன் உரிமை. அடுத்த வாய்தா தேதியைக் காதால் கேட்டதோடு விடாமல், பெஞ்ச் கிளார்க்கிடம் இன்னொரு முறை கேட்டுக் கையில் எழுதிக்கொள்.

திண்ணையிலேயே நிற்க வைத்து அந்த இரண்டு வாக்கியத்தையும் மூன்று தடவை சொல்ல வைத்தேன். முதல் தடவை "ஐயா" என்பதை விழுங்கிவிட்டான். மறுநாள் மதியம் வந்து உள்ளங்கையைக் காட்டினான். நீல மையில் தேதி இருந்தது, வியர்வையில் பாதி அழிந்து. நாட்காட்டியை எடுத்து வந்து அவன் முன்னாலேயே வட்டம் போட்டேன். ஒரு சீப்பு மட்டிப்பழத்தைத் திண்ணையில் வைத்துவிட்டு, சட்டப் பணிகள் ஆணைக்குழு எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்று கேட்டுக்கொண்டே செருப்பை மாட்டினான்.